கூடைக் கணக்கு

"ம்மா... சங்கரா கீது, நெத்திலி கீது, எறா கீது!"

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடிகாரம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் குரல் கேட்டால் ஏழரை மணி. திருவொற்றியூருக்கு நான் மருமகளாக வந்த நாள் முதல் இந்த அக்காவிடம்தான் மீன் வாங்குகிறேன். எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கத்துக் குப்பம் அவருக்கு. விடியற்காலை காசிமேடு ஏலத்தில் கொஞ்சம் எடுப்பார். மகன் கழிமுகத்தில் பிடித்து வரும் மடவை, இறால் கொஞ்சம் இருக்கும். இரண்டையும் கூடையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக வருவார். மீனைப் புரட்டிப் பார்த்தால், "செவுளைப் பாரும்மா, செம்பருத்திப் பூ மாதிரி கீது. என்னை நம்ப மாட்டியா?" என்று உரிமையோடு அதட்டுவார்.

அப்படிப்பட்டவருக்கு நான் இரண்டு மாதம் கதவைத் திறக்கவில்லை. 2017-ம் வருஷம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில். அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள உட்கார்ந்திருக்கிறேன், சகோதரிகளே. கடலில் எண்ணெய் கொட்டினால் மீனவர்களுக்குக் கஷ்டம் என்று நாம் பத்திரிகையில் படிக்கிறோம், "ஐயோ பாவம்" என்கிறோம். அந்தக் கஷ்டத்தில் ஒரு பங்கு நம் சமையலறை வாசலிலிருந்தும் போகிறது என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது.

அந்த விடியற்காலை

2017 ஜனவரி 28-ம் தேதி, சனிக்கிழமை. விடியற்காலை நாலு மணி சுமாருக்கு எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சமையல் காஸை இறக்கிவிட்டு வெளியே போன 'பி.டபிள்யூ. மேப்பிள்' ஒன்று. பெட்ரோலியப் பொருள்களை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்த 'டான் காஞ்சிபுரம்' இன்னொன்று. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. சரக்காக வந்த முப்பதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட எண்ணெயும் தப்பித்தது. கசிந்தது கப்பல் ஓடுவதற்காகத் தன் தொட்டியில் வைத்திருந்த கெட்டியான உலை எண்ணெய்.

எண்ணெய்க் கசிவே இல்லை என்றுதான் முதலில் செய்தி வந்தது. பிறகு சில டன் என்றார்கள். பிறகு இருபது டன் என்றார்கள். கடைசியில் கணக்கு 200 டன் அளவில் போய் நின்றது. நம் தெருமுனை பெட்ரோல் பங்குக்கு வருகிற டேங்கர் லாரியில் பத்துப் பன்னிரண்டு லாரியைக் கடலில் திறந்துவிட்டால் எப்படியோ, அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணெய் தெற்கே நகர்ந்தது. எர்ணாவூர், திருவொற்றியூர், காசிமேடு, மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கரையெல்லாம் தொட்டுக்கொண்டே போயிற்று. எர்ணாவூரில் கடல் அரிப்புக்காகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள் அல்லவா, அந்தக் கற்களுக்கு நடுவே வந்து தேங்கி நின்றுவிட்டது.

நாங்கள் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பார்க்கப் போனோம். கடற்கரைக்குத் திரும்பும் முன்பே நாற்றம் மூக்கைத் துளைத்தது. மெக்கானிக் கடைக்குள் தலையை விட்டது போல. கடல் என்றால் அலை சத்தம் கேட்க வேண்டும் இல்லையா? அங்கே சத்தமே இல்லை. கருங்கற்களுக்கு நடுவில் அலை கறுப்பு அல்வா மாதிரி மெதுவாக எழும்பி, மெதுவாக அடங்கிற்று. கடலோரக் காவல் படையினர், மீனவப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியிலும் மக்கிலும் அந்தக் கறுப்பை மொண்டு கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். கழிவுநீர் உறிஞ்சும் பெரிய பெரிய இயந்திரங்கள் வந்தும் குழாய் அடைத்துக்கொண்டு திணறின. கடைசியில் மனிதக் கைதான் முன்னால் நின்றது.

எங்கள் வீட்டுக்காரர், "இந்தத் தண்ணியில என்ன உயிர் இருக்கும்?" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிற்று. ஏனென்றால் வீட்டில் என் தங்கை முதல் பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். வீட்டுக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், இனிமேல் மீன் கிடையாது என்று அறிவித்ததுதான்.

கதவுக்கு இந்தப் பக்கம்

அடுத்த ஞாயிறு ஏழரை மணிக்குக் குரல் கேட்டது. ஜன்னல் வழியாகவே, "இன்னிக்கு வேணாம்க்கா" என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு அவர் கூடையை எங்கள் படியிலேயே இறக்கி வைத்துவிட்டார்.

"இன்னாம்மா, மூணு வாரமா கதவே தொறக்க மாட்ற? கோவமா?"

"கோபமெல்லாம் இல்லக்கா. தங்கச்சி மாசமா இருக்கா. எண்ணெய்த் தண்ணி மீனு, பயமா இருக்கு."

"இது நடுக்கடல் மீனும்மா. நாலு நாள் போயிட்டு வந்த போட்டு மீனு. மோந்து பாரு."

நான் மோந்துகூடப் பார்க்கவில்லை. அவர் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "கடல்ல எண்ணெய ஊத்துனது யாரோ. பட்டினி கெடக்கறது நாங்க."

அந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். 2016 நவம்பர் 8-ம் தேதி ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்றானது. சில்லறை வியாபாரம் அப்படியே படுத்துவிட்டது. டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் வந்து கூரையும் மரமும் படகுமாக வாரிப் போட்டது. அதிலிருந்து நிமிர்வதற்குள் ஜனவரியில் எண்ணெய். மூன்று மாதத்தில் மூன்று அடி! மீன் விற்கிற பெண்கள் பெரும்பாலும் காலையில் தண்டல்காரரிடம் முதல் வாங்கி, ஏலத்தில் மீன் எடுத்து, விற்று, சாயங்காலம் வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறவர்கள். ஒரு நாள் கூடை காலியாகாமல் திரும்பினால் அன்றைக்கே கடன். மறுநாள் ஐஸுக்கு வேறு செலவு.

எண்ணெய் கடலில் என்ன செய்கிறது?

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. பயம் மட்டும்தான் தெரிந்தது. பின்னால் நூலகத்திலும் பத்திரிகைகளிலும் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதை நம் பாஷையில் சொல்கிறேன்.

மீன் குழம்பு கொதித்து இறக்கினால் மேலே எண்ணெய் மிதக்கும் அல்லவா? கடலிலும் முதலில் அப்படித்தான் மெல்லிய ஏடாகப் பரவும். அதில் லேசான பகுதி முதல் ஓரிரு நாளில் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். பென்சீன் போன்ற கெடுதலான பொருள்கள் அதில்தான் இருக்கின்றன. கரையோர ஜனங்களுக்கு வருகிற தலைவலி, குமட்டல், கண் எரிச்சல், மூச்சுத் திணறல் எல்லாம் இந்த ஆவியால்தான்.

கனமான பகுதி அங்கேயே தங்கும். அலை அதைத் தண்ணீரோடு சேர்த்து அடித்து அடித்து, நாம் மோர் கடைகிற மாதிரி கடைந்து, பழுப்பு நிறக் களியாக்கிவிடும். தண்ணீரும் சேர்ந்துகொள்வதால் கொட்டிய எண்ணெய் ஒரு பங்கு என்றால் அள்ள வேண்டிய களி மூன்று, நாலு பங்காகிவிடுகிறது! இந்தக் களிதான் எர்ணாவூரில் குழாய்களை அடைத்தது. மிச்சம் மணலோடு சேர்ந்து தார் உருண்டைகளாகிக் கரையில் வெகு நாள் ஒதுங்கிக்கொண்டிருக்கும்.

உயிர்களுக்கு வருவோம். பறவையின் இறகில் எண்ணெய் பட்டால் இறகுகள் ஒட்டிக்கொள்ளும். உடம்புச் சூட்டைக் காக்க முடியாது, பறக்கவும் முடியாது. அலகால் கோதிக் கோதி அந்த விஷத்தையே விழுங்கும். ஆமை மூச்சு விட மேலே வந்தால் எண்ணெய்க்குள்தான் தலையை நீட்ட வேண்டும். நம் கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதே ஜனவரி முதல் மார்ச் வரை. சரியாக அந்தப் பருவத்தில்தான் விபத்து நடந்தது. எண்ணெய் படிந்த ஆமைகள் செத்து ஒதுங்கின. அலையாத்திச் செடிகளுக்கோ சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள் உண்டு. அதில் எண்ணெய் பூசிவிட்டால் செடிக்கு மூக்கை அடைத்த மாதிரி. அந்த வேர்களுக்கிடையேதான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. இன்றைக்குச் செடி போனால் அடுத்த வருஷத்து இறாலும் போயிற்று.

அந்த மீனைச் சாப்பிட்டிருக்கலாமா?

நம் எல்லோருக்கும் வருகிற கேள்வி இது. பதில் 'ஆமாம்', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் இல்லை.

துடுப்பு உள்ள மீன்கள் ஓடக்கூடியவை. எண்ணெய் வருகிற இடத்தை விட்டு விலகிப் போகும். கொஞ்சம் உள்ளே போனாலும் மீனின் ஈரல் அதைச் சிதைத்துச் சில நாட்களில் வெளியேற்றிவிடும். அதனால் வெகு தூரம் ஆழ்கடலில் போய்ப் பிடித்து வந்த வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் எர்ணாவூர் எண்ணெய்க்கும் சம்பந்தமே இல்லை. அக்கா சொன்னது நியாயம்தான்.

மட்டி, சிப்பி விஷயம் வேறு. அவை இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடுபவை. எண்ணெயின் கெட்ட பொருள்களைச் சிதைக்கும் சக்தி அவற்றுக்கு மிகவும் குறைவு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட உடம்பில் தங்கும். நண்டும் இறாலும் மீனளவுக்கு வேகமாக வெளியேற்றுவதில்லை. ஆகவே எண்ணெய் தேங்கிய கழிமுகம், கரையோரத்தில் பிடித்த மட்டி, நண்டு, இறாலை, பரிசோதித்துச் சரி என்று அறிவிக்கும் வரை தவிர்ப்பதுதான் சரி. மீனில் மண்ணெண்ணெய் வாடையோ டீசல் வாடையோ அடித்தால் கொட்டிவிட வேண்டும். புளி அதிகம் ஊற்றினாலும் மஞ்சள் போட்டுக் கழுவினாலும் அது போகாது. ஆனால் வாடை இல்லை என்பதாலேயே கரையோரச் சிப்பியை நம்பிவிடவும் கூடாது.

ஆக, நான் செய்திருக்க வேண்டியது என்ன? "எங்கே பிடிச்ச மீனு அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். சந்தேகமான இறாலை விட்டுவிட்டு, ஆழ்கடல் மீனை வாங்கியிருக்கலாம். நான் கேட்கவே இல்லை. நான் மட்டுமல்ல, எங்கள் தெருவே கேட்கவில்லை. மீன் என்றாலே எண்ணெய் என்று முடிவு கட்டிவிட்டோம். அன்றைக்கு நகரம் முழுக்க மீன் வியாபாரம் சரிந்து போனதற்கு இதுதான் காரணம்.

சமீபத்தில் பால் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைய விலையில் வாரம் 250 ரூபாய்க்கு மீன் வாங்குவேன். எட்டு வாரம் வாங்கவில்லை. என் வீட்டிலிருந்து மட்டும் அந்த அக்காவுக்கு 2,000 ரூபாய் வரவில்லை. எங்கள் தெருவில் அவரிடம் வாடிக்கையாக வாங்குகிற வீடுகள் 14. எல்லா வீட்டுக்கும் இதே கணக்கு என்றால் 28,000 ரூபாய்! ஒரே தெருவில், ஒரே கூடைக்கு. முதல் போட்டது போக அதில் அவர் கைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. இத்தனை டன் எண்ணெய், இத்தனை டன் களி என்று கணக்கு வந்தது. இந்தக் கூடைக் கணக்கை யாரும் எழுதவில்லை.

மார்ச் கடைசியில் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, வாசலில் அக்கா. கையில் வாழை இலையில் சுற்றிய பொட்டலம்.

"பால் சுறாம்மா. புட்டு பண்ணிக் குடு. தாய்ப்பால் நல்லா ஊறும். தூரத்துக் கடல் மீனுதான், பயப்படாத."

பணம் எடுக்க உள்ளே திரும்பினேன். "குழந்த பொறந்த வூட்ல காசு வாங்குவாங்களா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஞாயிறிலிருந்து கதவு திறந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

மறுபடியும் எண்ணெய்

இது ஒரு தடவையோடு போயிருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்ததே, நினைவிருக்கிறதா? அந்த வெள்ளத்தோடு, மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய்க்குள் வந்து, கொசஸ்தலை ஆற்றில் கலந்து, எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. கடலில் மட்டும் 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் படலம் தெரிந்ததாகக் கடலோரக் காவல் படை சொன்னது.

2017-ல் எண்ணெய் கடற்கரைக்கு வந்தது. 2023-ல் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எண்ணூர் குப்பம், காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், சிவன்படைக் குப்பம், முகத்துவாரக் குப்பம் எல்லாம் கழிமுகத்தை ஒட்டியே இருப்பவை.

இந்தத் தடவை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு, ஒரு பையில் அரிசி பருப்பும் இன்னொரு பையில் தேங்காயெண்ணெயும் சோப்புமாக அக்கா வீட்டைத் தேடிப் போனேன்.

சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. வெள்ளம் அதுவரை நின்றிருக்கிறது. கோட்டுக்குக் கீழே பாய், பாத்திரம், பள்ளிக்கூடப் பை எதைத் தொட்டாலும் பிசுபிசுப்பு. கரையில் படகுகள் அடியெல்லாம் தார் பூசினாற்போல் நின்றன. வலைகளைக் கேட்கவே வேண்டாம். எண்ணெய் ஏறிய நைலான் வலையைத் துவைத்து மீட்க முடியாது. வெளியே கடலைப் பார்த்தபடி ஒரு கூழைக்கடா நின்றிருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய பறவை, காப்பிப் பொடி நிறத்தில்.

அக்காவின் மகன் கையிலும் காலிலும் சிவந்து தடித்திருந்தது. பகலெல்லாம் எண்ணெய் அள்ளிவிட்டு, ராத்திரி மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறான். எண்ணெய் போயிற்று, தோலும் சேர்ந்து போயிற்று! "தேங்காயெண்ணெய் தடவிக் கழுவுப்பா" என்று பையைக் கொடுத்தேன்.

மருமகள் ஒரு மூலையில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நைட்டெல்லாம் இருமுது ஆன்ட்டி" என்றாள். பக்கத்து வீடுகளிலும் அதே கதை. தலைவலி, கண் எரிச்சல், சோறு இறங்கவில்லை. அடுப்பு பற்ற வைக்கவே சில வீடுகளில் பயந்தார்கள். எண்ணெய் வாடைக்கு நடுவே நெருப்புக் குச்சி கிழிக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்தக் கழிமுகத்தில் இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வலை இல்லாமல் வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள். படகும் இல்லை, வலையும் இல்லை. அவர்கள் முதல் எல்லாம் அவர்களுடைய கையும் அந்தச் சேறும்தான். சேறே எண்ணெயாகிவிட்டால்?

படகுக்குக் கணக்கு, கூடைக்கு?

அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைப் பழுது பார்க்கத் தலா 10,000 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், மொத்தம் 8 கோடியே 68 லட்சம். அந்த நேரத்தில் அது பெரிய ஆறுதல்தான், மறுப்பதற்கில்லை.

பின்னால் ஒரு நாள் அக்காவிடம் கேட்டேன்.

"வந்துச்சும்மா. வரலன்னு சொன்னா வாய் அழுகிடும். தண்டலுக்கும் நகைய மூட்டறதுக்கும் சரியாப் பூடுச்சு. படகுக்குக் குடுத்தாங்க, நல்லது. என் கூடைக்கு யார்ம்மா கணக்கு எழுதுவா?"

நியாயமான கேள்வி. படகுக்கு நம்பர் உண்டு, வலையை விலை போடலாம். ஒரு பெண் முப்பது வருஷம் தெருத் தெருவாக நடந்து சம்பாதித்த வாடிக்கையை எந்த நம்பரில் எழுதுவது? நாலு மாதம் வராவிட்டால் வாடிக்கை வேறு கடைக்குப் போய்விடும். போன வாடிக்கை திரும்பி வர வருஷமாகும். விபத்து நடந்தபின் கணக்கெடுக்க வருகிறவர்கள் ஏலம் எடுக்கிற பெண், தலையில் சுமக்கிற பெண், கருவாடு போடுகிற பெண், கையால் இறால் பிடிக்கிற பெண் என்று தனியாக ஒரு பக்கம் எழுதிக்கொண்டால் என்ன?

இது நம் ஊர் விஷயம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பிளஸ் டூ படிக்கிற என் மகள் பள்ளிக்கூடக் கட்டுரைக்காகப் படித்துக் காட்டியது இது. 1989 மார்ச் 24-ம் தேதி அமெரிக்காவின் அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டெஸ்' என்ற கப்பல் பாறையில் மோதி, சுமார் 37,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. அந்தக் கரையில் கோர்டோவா என்று ஒரு சின்ன மீனவ ஊர். எண்ணெயை அள்ளியாயிற்று. ஆனால் 1993-ல் நம் மத்தி ஜாதியைச் சேர்ந்த ஹெர்ரிங் மீன் கூட்டம் அங்கே சரிந்து விழுந்தது. எண்ணெய்தான் காரணமா, நோயா என்று நிபுணர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஊர் ஜனங்களுக்கோ தொழில் போயிற்று. பல வருஷம் கழித்தும் அங்கே மனச் சோர்வும், தூக்கமின்மையும், குடியும், வீட்டுச் சண்டையும் இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1994-ல் நீதிமன்றம் அபராதமாக 500 கோடி டாலர் என்றது. வழக்கு மேலே மேலே போய், 2008-ல் முடிந்தபோது அது 50 கோடி டாலர் சொச்சமாகச் சுருங்கியிருந்தது. பத்தொன்பது வருஷம்! காத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் காலமாகிவிட்டார்கள்.

பணக்கார தேசத்திலேயே இப்படி என்றால், தண்டல் வட்டியில் நாளைத் தள்ளுகிற நம் அக்காக்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்?

நாம் நினைவில் வைக்க வேண்டியவை

* எண்ணெய் வாடை அடிக்கும் நாட்களில் கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆஸ்துமா உள்ளவர்கள் கரைப்பக்கம் போக வேண்டாம். கரையிலேயே வீடு என்றால் சில நாள் உறவினர் வீட்டில் இருப்பது நல்லது. மூச்சுத் திணறல், விடாத வாந்தி இருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

* எண்ணெய் அள்ளப் போகிறவர்கள் கையுறை, பூட்ஸ், முகமூடி இல்லாமல் இறங்கக் கூடாது. கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வெறும் கையால் அள்ளுவதில் வீரம் ஒன்றும் இல்லை.

* தோலில் எண்ணெய் பட்டால் முதலில் பழந்துணியால் துடைத்து, தேங்காயெண்ணெயோ சமையல் எண்ணெயோ தடவித் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம்.

* எண்ணெய்த் துணியைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். அடுப்பில் போட்டு எரிக்கவும் கூடாது.

* எண்ணெய் படிந்த பறவையையோ ஆமையையோ பார்த்தால் நாமாகக் குளிப்பாட்டக் கூடாது. வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

* வண்டிப் பட்டறைக் கழிவு எண்ணெய் உங்கள் தெரு மழைநீர்க் கால்வாயில் போனால் தட்டிக் கேளுங்கள். கால்வாய் எல்லாம் கடைசியில் ஏதோ ஒரு குப்பத்து வாசலுக்குத்தான் போகிறது.

* எல்லாவற்றுக்கும் மேலாக, மீன்காரம்மாவிடம் கேளுங்கள். எங்கே பிடித்தது, எப்போது பிடித்தது என்று. அவருக்குத் தெரியும், சொல்வார். பதில் திருப்தியாக இல்லையென்றால் இறாலை விட்டுவிட்டு வேறு மீன் வாங்குங்கள். கதவை மட்டும் சாத்தாதீர்கள்.

அக்காவுக்கு இப்போது முட்டி வலி. இரண்டு ஞாயிறு வந்தால் ஒரு ஞாயிறு வருவதில்லை. போன வாரம் வந்தபோது கூடையில் பாதிக்கு மேல் காசிமேட்டு மீன். மடவை நாலே நாலுதான் இருந்தது.

"கழிமுகத்து மடவையாக்கா?"

"ஆமாம்மா. முன்ன மாதிரி எங்க கெடைக்குது? எம் பையன் நைட்டு முழுக்க நின்னு புடிச்சது இவ்ளோதான்."

மோந்து பார்த்தேன். சேற்று வாசனையும் கடல் வாசனையும்தான். நாலையும் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் மடவைக் குழம்பு. சாப்பிட்டு எழுந்ததும் பால் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, 'கூடை' என்று எழுதி, கொடுத்த தொகையைக் குறித்து வைத்தேன். யாராவது ஒருவராவது அந்தக் கணக்கை எழுதி வைக்க வேண்டாமா?